தையலுக்கு விட்ட ஒரு இஞ்ச்

தளவாய்புரத்தில் நைட்டி தைக்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த ஊரில் செல்வலட்சுமி கத்தரி போட்ட துணி வீணாய்ப் போனதாக யாரும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவளுக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஸ்பீக்கர் பெட்டி செய்யும் ஆசை வந்தது. ஆசைக்கு வேளையாவது பொழுதாவது.

காரணம் அவள் வீட்டுக்காரர் ஐயாதுரை. பீரங்கிப் படையில் இருந்தவர். ஓய்வு பெற்று வரும்போது பென்சனோடு மந்தக் காதையும் சேர்த்துக் கொண்டுவந்தார். காது மெஷின் வாங்கிக் கொடுத்தும் மாட்ட மாட்டேன் என்று ஒரே வீம்பு. முன்பெல்லாம் லீவில் வந்தால், மேளச் சத்தம் கேட்டதும் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடுகிற ஆள். இப்போது டிவியில் பாட்டுப் போட்டால் "ஒன்னும் வெளங்கல, ஒரே இரைச்சல்" என்று எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். அத்தனை வருசம் எங்கோ தனியாகக் கிடந்த மனுசன், வீட்டுக்கு வந்தும் தனியாகவே கிடப்பதுதான் செல்வலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. ஒரு மேளத்தையாவது இருவரும் ஒன்றாய் உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும் என்பது அவள் வைராக்கியம்.

அவருக்குக் கீச்சுச் சத்தம்தான் விழுவதில்லை, லாரி உறுமினால் திரும்பிப் பார்க்கிறார் என்பதை அவள் கவனித்து வைத்திருந்தாள். அப்படியானால் அடியில் கனமாய் அதிருகிற பேஸ் சத்தம் வேண்டும். கடையில் அடுக்கியிருந்த குட்டி ஸ்பீக்கர்கள் எல்லாம் கொசு மாதிரி கத்தின. யூடியூபைப் பார்த்துப் பார்த்து, தானே செய்வது என்று இறங்கிவிட்டாள். ராஜபாளையத்தில் எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் இரண்டும் ஒரு ஆம்ப்ளிஃபயரும் வாங்கினாள். டிவிக்குக் கீழே இருக்கும் அலமாரித் தட்டை அளந்து, அதற்குத் தக்கபடி இரண்டு பெட்டிக்குப் பலகை அறுத்துத் தரச் சொல்லி, ஸ்ரீவில்லிபுத்தூரில் மரவேலை செய்யும் சந்தனத்திடம் அளவு எழுதிக் கொடுத்தாள்.

பலகைகள் வந்து இறங்கியதைப் பார்த்த ஐயாதுரை ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னார்.

"சத்தம் வரலைன்னா ரெண்டும் கோழிக்கூடு."

பெட்டியில் ஸ்பீக்கரைப் பொருத்தும்போது முதல் வில்லங்கம் வந்தது. வட்டமாய் அறுத்த ஓட்டைக்குள் ஸ்பீக்கர் நுழையவில்லை. நைட்டிக் கழுத்தைச் சின்னதாக வெட்டு, பத்தாவிட்டால் பிறகு வெட்டிக்கொள்ளலாம், பெரிசாகிவிட்டால் ஒட்டவா முடியும் என்பது தையல்காரர் புத்தி. அதே புத்தியில் ஓட்டைக்கும் அளவு கொடுத்திருந்தாள். அரத்தால் ராவி ராவி நுழைத்தாள். மரத்தூளில் முடி நரைத்துப்போனது.

பெரிய வில்லங்கம் அதற்குப் பிறகு. ஒட்டி முடித்த பெட்டி அலமாரித் தட்டுக்குள் போகவே இல்லை. அளந்து பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரு இஞ்ச் கூடுதல். கூடவே உட்கார்ந்து தைக்கும் மாரீஸ்வரிதான் கண்டுபிடித்தாள்.

"யக்கா, பலகைக்கும் தையலுக்கு விட்டுட்டீங்களா?"

ஆமாம், விட்டிருந்தாள். துணியோ பலகையோ, அளவு எழுதினால் ஓரத்துக்கு ஒரு இஞ்ச் தன்னால் சேர்த்துவிடும் கை அது. மடித்துத் தைக்க இது என்ன பாப்ளின் துணியா? மாரீஸ்வரி விழுந்து விழுந்து சிரிக்க, செல்வலட்சுமிக்குக் கண்ணீர் முட்டியது. ஐயாதுரையோ ஒரு கட்டு வைக்கோல் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டார்.

அந்த வைக்கோலைப் பார்த்ததும் அவளுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. தட்டில் வைக்காவிட்டால் தரையில் வைத்தால் போகிறது. காற்று கசியும் மூலையெல்லாம் பசையால் அடைத்தாள். உள்ளே வெட்டுத் துணிகளை மெத்தையாக ஒட்டினாள். முன்பக்கத்துக்கு நைட்டித் துணியில் ஒரு திரையும் போட்டாள். மஞ்சளில் சிவப்புப் பூ. வீட்டுக்குள் இரண்டு பெண்பிள்ளைகள் வந்து நிற்பது போலிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு செல்போனை இணைத்து நையாண்டி மேளத்தைப் போட்டாள். நாயனம் ஒரு சுற்று வாசித்தது. வேப்பமரத்தடியில் அசைவே இல்லை. அப்போதுதான் உறுமி உள்ளே வந்தது. தரை அதிர்ந்தது, அடுக்கி வைத்த டம்ளர்கள் கலகலத்தன. அந்த ஸ்பீக்கருக்கு அலமாரி அளவுப் பெட்டி போதாதாம், கூடிப்போன இஞ்ச்தான் அந்த அதிர்வைக் கொடுத்தது என்று ராஜபாளையத்துக் கடைக்காரர் பிற்பாடு சொன்னார். தப்பாக விழுந்த அளவு, தாயமாக விழுந்துவிட்டது.

ஐயாதுரை வாசலில் வந்து நின்றார். பிறகு உள்ளே வந்து, பெட்டிக்கு எதிரே அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். விரல்கள் தொடையில் தாளம் போட்டன. செல்வலட்சுமிக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. இன்னும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள்.

"ஏட்டி, சத்தத்தைச் செத்தக் கொறை," என்றார் ஐயாதுரை. "காது வலிக்குது."

அவர் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்காத வார்த்தை அது. அவளுக்குத் தெளிவாகவே கேட்டது. ஆனாலும் காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்துக்கொண்டு அவர் பக்கம் சாய்ந்தாள்.

"என்ன சொன்னீங்க? எனக்குக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க."