நன்று என்று எழுதிய நோட்டுகள்

தேயிலை விலை விழுந்த வருடங்களில் நீலகிரியில் கட்டபெட்டுக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தேன். ஆசிரியர்கள் இரண்டே பேர், தலைமையாசிரியரும் நானும். தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றானதும் தொழிலாளர்களின் லைன் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. திருப்பூருக்குப் போகிறோம் என்று சிலர் சொல்லிவிட்டுப் போனார்கள். பலர் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் பெயர்களை அடித்துக்கொண்டே வந்தேன். முதல் சில பெயர்களுக்கு மனசு கனத்தது. பிறகு கோடு நேராக விழுகிறதா என்று மட்டும் பார்த்தேன்.

அப்போதுதான் கோத்தகிரியில் சனிக்கிழமைதோறும் ஆசிரியர் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தது.

"ஏனுங்க டீச்சர், இருக்கறதே பத்தொம்பது புள்ளைங்க. இதுக்குப் புதுசா என்னத்தைக் கத்துட்டு வரப்போறீங்க?" என்றார் தலைமையாசிரியர். கிண்டல் இல்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

எனக்கும் ஆர்வம் என்று ஒன்றும் இல்லை. பதினோரு வருடம் பாடம் நடத்தியவளுக்குக் கற்பிக்கத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். சனிக்கிழமைகளில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் போனேன்.

மூன்றாவது சனிக்கிழமை, என்னைவிட வயது குறைந்த பயிற்சியாளர் ஒருவர் கரும்பலகையில் நான்கு வரி வங்காள எழுத்தில் எழுதினார். "அப்படியே பார்த்து எழுதுங்க" என்றார். வளைவு, கோடு, புள்ளி எதுவும் தவறாமல் எழுதினேன். அவர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்குங்க" என்று கீழே 'நன்று' போட்டார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

"இப்ப வாசிங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தியின் நோட்டு கண்முன் வந்து நின்றது. ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னிடமே படித்தவள். அச்சடித்தது போன்ற கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் நான் 'நன்று' போட்டிருந்தேன்.

திங்கட்கிழமை அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சிலேட்டில் 'ஆடு மலை ஏறியது' என்று எழுதிக் கொடுத்தேன். சிலேட்டைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். முதல் பாடத்தின் முதல் வரியை மனப்பாடமாகச் சொன்னாள்.

"அது இல்லம்மா. இதைப் படி."

"டீச்சர், இதை எழுதிக் காட்டட்டுங்களா?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து பள்ளி விட்டதும் அவளோடு உட்கார்ந்தேன். பயிற்சியில் காட்டியபடி பழைய காலண்டர் அட்டையை வெட்டி எழுத்து அட்டைகள் செய்தேன். ஐந்தாவது வாரம் 'மரம்' என்று தானாக வாசித்தாள். மகிழ்ந்திருக்க வேண்டும். தேதி போட்டுப் பயிற்சி நோட்டில் குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அடுத்த வாரமே அவளுடைய அம்மா டி.சி. வாங்க வந்தார். சிறு வயதில் சிலோனிலிருந்து வந்தவர், அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்.

"நாளைக்கு திருப்பூர் போறோம் டீச்சர். புள்ள நல்லா படிக்குதுன்னு அங்க சொல்லிச் சேத்துர்றேன்."

ஆமாம் என்று தலையாட்டி அனுப்பியிருக்கலாம். "அவளுக்கு வாசிக்கத் தெரியாதுங்க. பார்த்து எழுத மட்டும்தான் தெரியும். இப்பத்தான் கத்துக்கறா" என்றேன்.

"நீங்க நன்றுன்னு போட்டிருந்தீங்களே?" குரலில் கோபம் இல்லை.

"போட்டேங்க. நான் கவனிக்கலை."

அவர் டி.சி.யை மடித்துப் பிளாஸ்டிக் பையில் வைத்தார். "நான் படிக்காதவ. படிச்சிருந்தா ஊட்டுலயே பாத்திருப்பேன்" என்றார்.

"உங்க மேல தப்பே இல்லீங்க" என்றேன். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை.

அவளுக்கு எந்தெந்த எழுத்து தெரியும் என்று புதுப் பள்ளி ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி, அட்டைகளோடு கொடுத்தனுப்பினேன். பதில் வரவில்லை.

மீதியிருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்கச் சொன்னேன். இன்னும் இரண்டு பேர் அதே நிலையில் இருந்தார்கள். ஒருவன் அந்த வருடத்துக்குள் வாசிக்கக் கற்றான். மற்றவளின் குடும்பம் அதற்குள் போய்விட்டது.

அதன் பிறகு எந்தப் பயிற்சியையும் நான் விட்டதில்லை. உருப்படியானதும் உண்டு, தூக்கம் வரவழைத்ததும் உண்டு. எனக்குக் கற்கும் ஆர்வம் அதிகம் என்று பேசிக்கொண்டார்கள். ஆர்வம் இல்லை. எனக்குத் தெரியும் என்று நான் சொன்னால் நானே நம்புவதில்லை.

பிள்ளைகள் ஏழு பேர் ஆனதும் பள்ளியை மூடினார்கள். என்னைக் கேத்திக்கு மாற்றினார்கள். அங்கே கேரட் தோட்டத்துப் பிள்ளைகள், வகுப்பு நிறைய. புதிதாக வேலைக்கு வந்திருந்த ஓர் ஆசிரியையிடம், வாரம் ஒரு மணி நேரம் என் வகுப்பின் கடைசியில் உட்கார்ந்து, நான் கவனிக்காமல் விடுவதை எழுதித் தரும்படி கேட்டேன். தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார். முதல் வாரம் ஒன்றரைப் பக்கம் தந்தார். ஜன்னல் பக்கம் இருப்பவர்களை நான் கேள்வியே கேட்பதில்லையாம். மறுநாள் அங்கிருந்து தொடங்கினேன்.