ஆடாத குண்டு

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கொத்தனார் முதலில் இடது கண்ணை மூடிக்கொள்வார். வலது கண்ணால் கதவு நிலையை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை அளந்துவிட்டுத்தான், "எப்படி இருக்கீங்க?" என்பார். துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் அதே கதைதான். அழுதுகொண்டிருந்தவரின் தோளைத் தட்டி, தானும் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டவர், மூக்கைத் துடைத்த கையோடு, "அந்த ஜன்னல் வலப்பக்கம் அரை விரல் இறங்கியிருக்கு, கவனிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்தபோது திடீரென்று கையைத் தூக்கினார். வலிக்கிறதாக்கும் என்று டாக்டர் பதறி ஊசியை எடுக்க, "அந்தக் கடிகாரம் கோணலா தொங்குது டாக்டர். பாக்கப் பாக்க எனக்கு என்னமோ பண்ணுது" என்றார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு வந்தப்ப என் மூஞ்சியவா பாத்தாரு? எங்க வீட்டுச் செவுத்தைத்தான் பாத்தாரு" என்பார் அவருடைய மனைவி. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் துணி தைக்கிறவர். "என் கெட்ட நேரம், செவுரு நேரா இருந்துச்சு. கொஞ்சம் சாஞ்சிருந்தா இன்னைக்கு நிம்மதியா இருந்திருப்பேன்."

கொத்தனாரின் சட்டைப்பையில் பேனா இருக்காது, சீப்பு இருக்காது. தூக்குக்குண்டு இருக்கும். சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடும் பித்தளைக் குண்டு. வேலை இல்லாத நாளில் அதைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்குவார். அதன் கனத்தில் பை இழுபட்டுக் கிழியும். மனைவி முணுமுணுத்துக்கொண்டே தைத்துக் கொடுப்பார். உலகத்துக் கோணலையெல்லாம் பிடிக்கிற மனிதருக்குத் தன் சட்டை ஒரு பக்கமாகத் தொங்குவது மட்டும் இன்றுவரை கண்ணில் பட்டதில்லை.

குண்டு விஷயத்தில் அவருக்கு ஒரே சட்டம். "குண்டைத் தொடாதே. ஆடுனா ஆடட்டும், அதுவா நிக்கட்டும். தொட்டு நிறுத்துற கை பொய்க் கை."

அந்தச் சட்டம்தான் தம்பியைத் தின்றது.

தம்பியும் கொத்து வேலைதான். அண்ணன் கல் வைத்தால் தம்பி பூசுவார். ஒருவர் கையை நீட்டினால் மற்றவர் கேட்காமலே கரண்டியை வைப்பார். ஒருநாள், இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், ஆடிக்கொண்டிருந்த குண்டைத் தம்பி விரலால் பிடித்து நிறுத்தி, "நேராதான் இருக்குண்ணே" என்றார். அண்ணன் பார்த்துவிட்டார். சித்தாள்கள் அத்தனை பேர் முன்னிலையிலும், "பொய்க் கைடா உனக்கு!" என்று கத்தி, ஈரம் காயாத சுவரைக் காலால் உதைத்துத் தள்ளினார். தம்பி கரண்டியைக் கழுவித் துடைத்து அண்ணனின் காலடியில் வைத்துவிட்டுப் போனவர்தான். அடுத்த தெருவில்தான் வீடு. ஆனால் அன்று விழுந்த சுவர் அன்றைக்கே இரண்டு வீட்டுக்கும் நடுவில் எழும்பிவிட்டது. அதை இடிக்க இருவருக்கும் கால் வரவில்லை.

இப்போது அந்தத் தம்பி வீட்டைக் காலி செய்துவிட்டு, கடல் தாண்டி மகனோடு போய் இருக்கப்போகிறார் என்று செய்தி வந்தது. இனித் திரும்புகிற உத்தேசம் இல்லையாம்.

செய்தி வந்த கையோடுதான் கொத்தனார் பெண்டுலம் வகுப்பில் சேர்ந்தார். மருந்துக்கடைச் சுவரில் ஒரு விளம்பரத் தாள் கோணலாக ஒட்டியிருந்தது. அதை நேராக்கப் போனபோது படித்தார். நூலில் தொங்கும் சின்ன மணியிடம் கேள்வி கேட்டால் அது ஆடிப் பதில் சொல்லுமாம். பூமிக்கடியில் இருக்கும் தண்ணீர், தொலைந்த பொருள், போகலாமா வேண்டாமா என்ற குழப்பம், எல்லாவற்றுக்கும்.

"தரைக்கடியில பைப்பு எங்க ஓடுதுன்னு கண்டுபிடிக்கலாமாம். தொழிலுக்கு உதவும்" என்றார் மனைவியிடம்.

"ஓகோ, பைப்பு!" என்று நூலைப் பல்லால் கடித்தார் மனைவி. அந்தப் பைப்பு எந்தத் தெருவில் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாதா என்ன?

வகுப்பு நடத்தியவர் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா. அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. கொத்தனாரோடு ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்டும், தோட்டைத் தொலைத்துவிட்டு வந்த ஓர் அத்தையும் படித்தார்கள்.

"முழங்கையை மேசையில ஊனிக்குங்க. நூலை இறுக்கிப் பிடிக்காதீங்க, ரெண்டு விரல் போதும். முதல்ல 'ஆமாம்'னா எப்படி ஆடுவே, 'இல்லை'ன்னா எப்படி ஆடுவேன்னு அதுகிட்டயே கேளுங்க. அப்புறம் விடை தெரிஞ்ச கேள்வியாக் கேட்டுப் பழகுங்க. ஆசைப்பட்டுக் கேக்காதீங்க, சும்மா கேளுங்க."

ஏஜென்டின் மணி ஊஞ்சலாடியது. அத்தையின் மணி ராட்டினம் போலச் சுற்றியது. கொத்தனார் சட்டைப்பையிலிருந்து பித்தளைக் குண்டை எடுத்து மேசையில் வைத்தார். மேசை அதிர்ந்தது.

"ஐயா, இதை வெச்சு யாரையாவது அடிக்கலாம். கேள்வி கேக்க முடியாது" என்று நர்ஸ் அம்மா ஒரு கண்ணாடி மணியைக் கொடுத்தார்.

"நான் கொத்தனாரா?" என்று மணியிடம் கேட்டார் கொத்தனார். அசையவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார். அதற்கும் அசையவில்லை. ஆணி அடித்து இறுக்கியது போல நின்றது.

"ஐயா, மணி ஒத்துக்கலை. வீட்டுல எதுக்கும் ஒருதடவை விசாரிச்சுடுங்க" என்றார் ஏஜென்ட்.

"கொஞ்சம் தளர்வா இருங்கய்யா. ஏன் இப்படி விறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?" என்றார் நர்ஸ் அம்மா.

"வயசு பூரா இதை ஆடாம பிடிச்சுத்தானம்மா சோறு தின்னேன். இப்ப திடீர்னு ஆடச் சொன்னா?"

"அது தானா ஆடறதில்லைங்க. உங்க கைதான் ஆட்டும், உங்களுக்கே தெரியாம. மனசுல இருக்கறதுதான் நூல்ல இறங்கும்."

கொத்தனாரின் முகம் சுண்டிப்போனது. "கைதான் பண்ணுதா? அப்ப அது பொய்க் கை ஆச்சேம்மா!"

நர்ஸ் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "பொய்யோ மெய்யோ, உங்க கைதானே?" என்றபடி, அத்தையின் மணி காட்டிய திசையில் சோபாவுக்கு அடியில் குனிந்தார். தோடு கிடைக்கவில்லை, ஒரு பழைய ஸ்பூன் கிடைத்தது. அத்தைக்கு அதுவே பரம திருப்தி.

வீட்டிலும் பயிற்சி தொடர்ந்தது. கண்ணாடி மணியை நம்பாமல், தன் பித்தளைக் குண்டையே மேசைமேல் தொங்கவிட்டார். வாசல் பக்கமாக ஆடினால் 'ஆமாம்', சமையலறைப் பக்கமாக ஆடினால் 'இல்லை' என்று அதனோடு ஓர் ஒப்பந்தமும் போட்டார். குண்டு எந்தப் பக்கமும் சாயவில்லை. ஒருநாள் மனைவி, "இப்படிக் குடுங்க" என்று வாங்கிப் பிடித்தார். பிடித்த மாத்திரத்தில் அது விறுவிறுவென்று சுற்ற ஆரம்பித்தது.

"ஏய், என்ன கேட்டே?"

"இந்த மனுஷன் எப்பவாச்சும் தானா இறங்கி வருவாரான்னு கேட்டேன்."

"என்ன சொல்லுது?"

"அதுக்கே தலை சுத்துதாம்."

கொத்தனார் சிரிக்கவில்லை. குண்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தம்பி கிளம்புகிற நாளும் வந்தது. "நாலு மணிக்கு வண்டி வருதாம். உங்க தம்பி வாசல்லயே உக்காந்திருக்காராம்" என்று காற்றிடம் சொல்வது போலச் சொன்னார் மனைவி. கொத்தனார் காலையிலிருந்தே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். வீட்டுக்குள் செருப்புப் போட்டு நடந்தால் சாமியாடுகிற மனிதர், அன்று மேசை முன்னால் செருப்புக் காலோடு உட்கார்ந்திருந்தார்.

முழங்கையை ஊன்றினார். ஒரு சாண் நூலில் குண்டு தொங்கியது. "நான் போனா முகம் குடுத்துப் பேசுவானா?" என்று முணுமுணுத்தார். ஆசைப்படாமல் கேட்கச் சொன்ன கேள்வி. ஆசை தவிர அதில் வேறு எதுவும் இல்லை. குண்டு அசையவில்லை. இன்னொரு தடவை கேட்டார். குரல் உடைந்ததே தவிர, குண்டு அசையவில்லை. எத்தனையோ பேருக்குச் சுவரை நேராக எழுப்பிக் கொடுத்த அந்தக் கை, பாவம், அதற்குத் தெரிந்ததைத்தான் செய்துகொண்டிருந்தது.

தையல் மெஷினின் சத்தம் நின்றது. கொத்தனார் திரும்பிப் பார்த்தார். மனைவி ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை இடுக்கி. அந்த மறு கண் ஊசியில் இருந்ததா, இவர் மேல் இருந்ததா என்று சொல்வதற்கில்லை.

இவள் பார்க்கவில்லை என்று முடிவு செய்துகொண்டார் கொத்தனார். இடது கையை மெல்ல மேசைமேல் கொண்டு வந்தார். சுண்டுவிரலை நீட்டினார். ஒரு கணம் அது காற்றிலேயே நின்றது. பிறகு குண்டை, வாசல் பக்கமாக, லேசாகத் தட்டிவிட்டார்.