சொல்லாமல் கிளம்ப வேண்டிய வாசல்

சிங்கப்பூரில் தேக்காச் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனால் இன்றைக்கும் என் கால் அந்தச் சந்துக்குள் தானாகத் திரும்பிவிடும். பூக்கடைக்கு மேலே மாடி, பச்சை ஜன்னல். இப்போது அதில் யாரோ துண்டு காயப்போட்டிருக்கிறார்கள். நானும் என் வீட்டுக்காரரும் அங்கே குடியிருந்தபோதுதான் பாப்பா எங்களோடு இருந்தாள். தோ பாயோவில் இப்போது லிஃப்டும் காற்றுமாக நல்ல வீடுதான், குறை சொல்லக் கூடாது. ஆனாலும் மல்லிகை வாசனையும் நாய் வாசனையும் கலந்து கிடந்த அந்த வீட்டுக்கு ஈடாகுமா?

பாப்பா என்பது பேர் இல்லை. கைவிடப்பட்ட நாய்களை மீட்டு, அவற்றுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் ஒரு குழுவில் சனி ஞாயிறுகளில் தொண்டு செய்துகொண்டிருந்தேன். கொட்டகை கழுவுவேன், குளிப்பாட்டுவேன், அவ்வப்போது கடியும் வாங்குவேன். குழுவை நடத்திய அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவர், கறார்ப் பேர்வழி. கொஞ்ச நாளைக்கு மட்டும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற நாய்க்குப் பேர் வைக்காதே, வைத்தால் விட மனசு வராது என்று முதலிலேயே சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரரோ, பாப்பா என்று கூப்பிடுவதெல்லாம் பேர் வைப்பதாகுமா, எல்லார் வீட்டுப் பிள்ளையும் பாப்பாதானே என்று வாதாடினார். அவரோடு பேசி ஜெயித்தவர்கள் உண்டா?

யாரோ ஒரு புண்ணியவான் அவளைக் கார் நிறுத்துமிடத்துக் கம்பியில் கட்டிவிட்டுப் போயிருந்தான். கறுப்பு நாய், முகவாயில் நரை. கொட்டகைக் கூண்டில் விட்டபோது மூலையில் ஒண்டி நடுங்கினாளே தவிர, தண்ணீரைக்கூடத் தொடவில்லை. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை, வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். கீழே பூக்கடை வைத்திருந்த வீட்டு முதலாளி முகத்தைச் சுளித்தார். கெஞ்சிக் கூத்தாடியதில், தீபாவளி வரைக்கும்தான் என்று ஒத்துக்கொண்டார்.

வீட்டுக்குக் கூட்டிவந்தது நான், குளிப்பாட்டியது நான், மருந்து கொடுத்தது நான். ஆனால் அவள் உயிரை வைத்தது என் வீட்டுக்காரர் மேல்! கப்பல் பட்டறை வேலைக்குக் கிளம்பும்போது இவர் அவள் தலையைத் தடவி, "போயிட்டு வரேன்டா பாப்பா" என்பார். அவ்வளவுதான், மாடிப்படி வாசலில் தாடையை வைத்துப் படுத்துவிடுவாள். இவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் சாப்பாட்டில் வாய் வைப்பாள். "வந்துட்டாரு உன் புருஷன், சாப்பிடுடி பதிவிரதை" என்று தட்டைத் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போவேன். பொறாமைதான், வேறென்ன?

தீபாவளி நெருங்கியபோது உட்லண்ட்ஸில் ஒருவர் கிடைத்தார். சீனர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி போனபிறகு தனியாக இருந்தார். நாங்கள் அங்கிள் என்போம். அரசாங்கத்தின் வீவக அடுக்குமாடி வீடு, அங்கே வளர்க்கும் நாயின் உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. அக்கா டேப்பை எடுத்துப் பாப்பாவின் தோள்வரை அளந்து, தப்பித்தாள் என்றார். வயசான நாயே வேண்டும், நானும் கிழவன்தானே என்று அங்கிள் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

நாயை ஒப்படைப்பதற்கு எங்கள் குழுவில் ஒரு முறை இருந்தது. வாசலிலேயே கயிற்றைப் புதியவர் கையில் கொடுக்க வேண்டும். உள்ளே போகக் கூடாது, கொஞ்சக் கூடாது. நாய் உள்ளே போனதும் ஒரு வார்த்தை பேசாமல் நடையைக் கட்ட வேண்டும். படித்துப் படித்துச் சொல்லித்தான் இவரைக் கூட்டிப்போனேன். நான் கயிற்றைக் கொடுத்துவிட்டு லிஃப்டைப் பார்த்து நடந்தேன். இவர் பின்னால் வந்தார்.

மறுநாள் அங்கிள் அக்காவைக் கூப்பிட்டார். பாப்பா வாசல் இரும்புக் கதவடியிலேயே படுத்திருக்கிறாள், சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் அதே கதை. கோழி வேகவைத்துக் கொடுத்தாராம், முகர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். பட்டினி கிடந்து சாவதைப் பார்க்க என்னால் முடியாது, திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று அந்த மனுஷர் அழாத குறையாகச் சொன்னாராம். "சண்டே வரைக்கும் பாப்போம் லா, அப்புறம் ஷெல்டர்தான், வேற வழியில்ல" என்றார் அக்கா. மறுபடி அந்தக் கூண்டு என்றால் அவள் தாங்க மாட்டாள்.

இவரிடம் சொன்னதும் மனுஷர் முகம் செத்துப்போயிற்று. கொஞ்ச நேரம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "நான் கதவுகிட்ட அவகிட்ட போயிட்டு வரேன்னு சொல்லிட்டேன்டி" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையில் கரண்டி இல்லை, அவர் பிழைத்தார். பேசாமல் வரச் சொன்னேனா இல்லையா என்று கத்தினேன். "பின்ன என்ன சொல்லணும்? போறேன்னா சொல்றது? நம்ம வீட்டுல யாராவது அப்படிச் சொல்லுவாங்களா?" என்றார். எந்தத் தமிழன் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கியிருக்கிறான்? பாப்பாவுக்கோ "போயிட்டு வரேன்" என்பதற்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். சொன்னவர் வருவார். வரும்வரை சாப்பிடக் கூடாது.

நேரே போய்க் கூட்டிவந்துவிடலாமா என்றார். கூட்டிவந்து எங்கே வைப்பதாம்? யோசித்து யோசித்து எனக்கு ஒன்று தோன்றியது. அதே சொல்லை அங்கிள் சொல்லட்டும், சொல்லிவிட்டுப் போய்த் திரும்பி வரட்டும். அக்காவுக்கு நம்பிக்கையில்லை. நாய் கண்ணில் நீங்கள் படக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு சரி என்றார்.

சனிக்கிழமை உட்லண்ட்ஸ் புளோக்கின் அடியில் கல் பெஞ்சில் உட்கார்ந்து, இவர் அங்கிளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். அங்கிள் வாயில் அது படாத பாடு பட்டது. ஆனாலும் சளைக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். எப்படித் தலையைத் தடவ வேண்டும் என்று இவர் அங்கிளின் முழங்கையைத் தடவிக் காட்டினார். அங்கிள் மேலே போனார், சொன்னார், கதவைச் சாத்திவிட்டுக் கீழே வந்து எங்களோடு கோப்பி குடித்தார், மறுபடி மேலே போனார். சாயங்காலம்வரை இதே வேலை. ஒவ்வொரு தடவை லிஃப்ட் திறக்கும்போதும் இவர் பாதி எழுந்துவிடுவார், நான் சட்டையைப் பிடித்து உட்கார வைப்பேன். தலையை மட்டும் தூக்கிப் பார்க்கிறாள் என்றார் அங்கிள். சாப்பிடவில்லை. இருட்டிய பிறகு எம்ஆர்டி ரயில் பிடித்து வீடு திரும்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கிளின் வீடியோ வந்தது. படம் ஆடுகிறது, சாவி சத்தம், இரும்புக் கதவு திறக்கிறது. பாப்பா எழுந்து நிற்கிறாள். வால் மெதுவாக ஆடுகிறது, பிறகு உடம்பே ஆடுகிறது. அங்கிளின் காலை முகர்ந்து, கையை நக்கி, குடுகுடுவென்று உள்ளே ஓடித் தட்டில் வாய் வைக்கிறாள். "குட் கேர்ள், குட் கேர்ள்" என்று அங்கிள் குரல் உடைகிறது.

இவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இனிமே எனக்காகக் காத்துக்கிட்டிருக்க மாட்டா, இல்ல?" என்றார்.

"மாட்டா. அதுக்குத்தானே இவ்வளவும் பண்ணோம்" என்றேன். சொல்லி முடிக்குமுன் எனக்கே அழுகை வந்துவிட்டது.