சீலிங்குக்குள் மறைந்த வென்டிலேட்டர்

ஆரணியில் நாங்கள் இருப்பது நூறு வருடத்துக் கட்டடம், நான்கு குடித்தனம். பழைமை கெடக்கூடாதென்று முகப்பில் ஆணிகூட அடிக்க விடமாட்டார் ஹவுஸ் ஓனர். வெயிலும் கரண்ட் பில்லும் தாங்காமல், போன கோடையில் உள்ளே மட்டும் தெர்மக்கோல் சீலிங் போட்டேன். கூரையையொட்டி இருந்த இரண்டு வென்டிலேட்டர்களும் அதற்குள் மறைந்தன. வீடு குளுகுளுவென்று ஆனது. பார்த்தவரிடமெல்லாம் பெருமையடித்தேன்.

ஐப்பசி மழையில், எங்கள் வீட்டுத் தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பட்டு நூல், அதாவது பாவு, நமத்துப்போய் இழை இழையாக அறுந்தது. வழக்கம்போல் அதைக் காயவைக்க, பாவுக்கு அடியில் கரி நெருப்போடு கும்மட்டி அடுப்பை வைத்தேன். சாரலுக்காகக் கதவையும் சாத்தினேன். மனைவி செல்வி நெய்ய உட்கார்ந்தாள்.

"தலை வலிச்சிகினே இருக்குதுங்க" என்றாள்.

"வேலைன்னாலே உனக்கு பேஜாருதான்" என்று எரிந்து விழுந்துவிட்டு உள்ளறையில் படுத்தேன். எனக்கும் கண்ணைச் சொருகியது.

தறிச் சத்தம் நின்றது எனக்குத் தெரியவில்லை. பக்கத்துக் குடித்தன டீச்சரம்மா கவனித்திருக்கிறார். கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஐயோ, செல்வி வுழுந்து கிடக்குது! ஜல்தி எழுந்து வாங்க!" என்று அலறினார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து வந்தேன். இருவருமாக அவளை முற்றத்து மழைக்கு இழுத்து வந்தோம். அவள் கண் திறக்கும்வரை நான் நானாக இல்லை.

"கரி நெருப்போட விஷ வாயு வெளிய போற வழிய நீங்களே அடைச்சிட்டீங்களே!" என்றார், நடந்ததையெல்லாம் கேட்ட ஆஸ்பத்திரி டாக்டர்.

அன்றே வென்டிலேட்டர்களுக்கு நேராகத் தெர்மக்கோலை அறுத்தெடுத்தேன். இப்போதெல்லாம் கதவைத் திறந்துவைத்து, அண்ணாந்து பார்த்து, வென்டிலேட்டர் வழியாக வானம் தெரிந்தால்தான் தீக்குச்சியைக் கையில் எடுக்கிறேன். செல்வி தலைவலி என்றால், முதலில் அவளைத்தான் வெளியே அனுப்புகிறேன்.