முனியாண்டியின் சுருட்டும் என் நன்னடத்தைச் சான்றிதழும்

எனக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்த ஆளைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு நல்ல வார்த்தை கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் ஏமாற வேண்டாம். அவர் எங்கள் தேயிலை எஸ்டேட்டின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. மேனேஜர் துரை கையெழுத்துப் போடுவார், ஆனால் எந்தக் காகிதத்தில் போடுவார் என்பதை இவர்தான் முடிவு செய்வார். யார் வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் வரும், யார் வீடு மழைக்கு ஒழுகிக்கொண்டே கிடக்கும், கொழுந்து கிள்ள யாருக்கு மேட்டு மலை, யாருக்குச் சமதரை எல்லாம் அந்த மேசையிலிருந்துதான் வரும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் கோலாலம்பூரில் பட்டம் முடித்து அங்கேயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தேன். எலிக்குட்டியின் மூளையிலிருந்து செல்களை எடுத்துக் கண்ணாடித் தட்டில் உயிரோடு வளர்க்க வேண்டும். கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த சத்தை அதன் மேல் ஒரு சொட்டு விட்டு, செல் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். செல் அடங்கிவிடும். சளசளவென்று பேசிக்கொண்டிருக்கும் எங்கள் லயத்து வீட்டு வரிசை துரையின் ஜீப் சத்தம் கேட்டதும் வாயை மூடுமே, அந்த மாதிரி. ஏன் அடங்குகிறது, அந்தச் சத்து செல்லின் எந்தக் கதவைத் தட்டுகிறது என்று அப்போது எவனுக்கும் உறுதியாகத் தெரியாது. நான் கண்டுபிடிப்பேன் என்று நினைத்தேன். திமிர்தான். அது இல்லாதவன் எலியை அறுக்க வரக் கூடாது.

அந்தச் சத்து அரசாங்க அனுமதியோடு சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும், பூட்டிய அலமாரியில் இருக்கும். அலமாரியைத் தொடும் ஒவ்வொருவரும் சொந்த ஊரிலிருந்து நன்னடத்தைச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று எங்கள் துறையில் சொல்லிவிட்டார்கள். தீபாவளி லீவு முடிந்து திங்கட்கிழமை காலை என்னுடையது பேராசிரியர் மேசையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என் இடம் எனக்குப் பின்னால் நிற்பவனுக்கு. எதற்காகக் கேட்கிறோம் என்று துறையே எஸ்டேட் ஆப்பீசுக்கு ஒரு கடிதமும் போட்டிருந்தது. நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள். என் வினையும் அதே தபாலில் வந்தது.

நான் ஊருக்கு வந்த மறுநாள் அம்மாவோடு பெரட்டுக்குப் போனேன். காலையில் ஆப்பீஸ் வாசலில் எல்லாரையும் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அதுதான் பெரட்டு. பனி முகத்தில் அடிக்க, கூடையும் சாக்குமாக நூறு பேர் நின்றிருந்தார்கள். அம்மா பேர் வந்ததும் கிராணி நிறுத்தினார்.

“ஒம் மக கஞ்சாவுல டிகிரி வாங்குறாளாம்லா. யூனிவர்சிட்டியே கடுதாசி போட்டுருக்கு.”

கூட்டம் ஒரு வினாடி முழித்தது. பிறகு பக்கத்து வீட்டு அக்கா ஆரம்பித்தாள்: “எங்க வூட்டு ஆம்பள அதுல எப்பவோ பெரிய பரீட்ச பாஸாயிட்டாரு. அவருக்கும் ஒரு சட்டிபிகேட்டு போடுங்க கிராணி.”

சிரிப்பு மலை ஏறி இறங்கியது.

“ஐயா, அது ஆராய்ச்சி. எலி மூளையில பாக்குறது,” என்றேன்.

“ஓ, எலியும் இழுக்குதா?”

பெரட்டு முடிந்து ஆப்பீசுக்குள் போய்ச் சான்றிதழைக் கேட்டேன். நாற்காலியைக் காட்டவில்லை. “நா அடிக்க மாட்டேன். கஞ்சாக்காரிய நல்லவன்னு நா டைப் அடிச்சு, நாளைக்கிப் போலீசு வந்தா ஒங்கம்மாவா பதில் சொல்லுவா?”

“நீங்க அடிக்க வேணாம். மெசின குடுங்க, நானே அடிச்சுக்கிறேன். ஒங்கள விட வேகமா அடிப்பேன்.”

“கொழுந்து கிள்றவ மக. வாயப் பாரு. போ வெளிய.”

அவருடைய மகன் ஐந்தாம் படிவப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டு, பக்கத்துத் திரிங்காப்பில் முட்டைக்கோஸ் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். அதற்கு நான் என்ன செய்ய? ஆனால் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அந்த லோரி ஞாபகம் வந்திருக்கும்.

அடுத்த இரண்டு நாளும் மலையில் அம்மாவை உரித்து எடுத்தார்கள். “மகக்கிட்ட சொல்லி நமக்கும் ஒரு பொட்டலம்” என்று ஒருத்தி. “அதான் பட்டணத்துல அப்படி மெலிஞ்சி போயிருக்கா” என்று இன்னொருத்தி. அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே செத்துப்போனதால் திருப்பிக் கொடுக்க வீட்டில் வேறு ஆளும் இல்லை. அம்மா வந்து எனக்கு மிளகாய் வறுத்து இடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு லீவுக்கும் ஒரு பால்மாவு டின் நிறைய மிளகாய்த்தூள் எனக்குக் கட்டாயம்.

“அந்த எலிக்கி என்னாடி சீக்கு?”

“சீக்கு ஒண்ணும் இல்லம்மா.”

“சீக்கில்லாததுக்கு எதுக்கு மருந்து?”

மூளைச் செல் செத்தால் செத்ததுதான், திரும்ப முளைக்காது, அதனால்தான் எது அதைத் தொடுகிறது என்று பார்க்கிறோம் என்று விளக்கினேன். அம்மா உலக்கையை நிறுத்தினாள். “செடிய முட்டி வரைக்கும் கவ்வாத்து வெட்றோம். ரெண்டு மூணு மாசத்துல தளிர் வருது. மூள மட்டும் என்னா பெரிய தொரையா?”

நான் சிரித்தேன். பின்னால் ஏறக்குறைய அதே கேள்வியைப் பேராசிரியர் கேட்டபோது பணிவாகக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை மாலை எரிச்சலில் கத்தினேன். “அந்தச் சத்து இல்லன்னா என் வேல செத்துச்சும்மா. சொட்டு சொட்டா எண்ணித்தான் குடுப்பானுங்க, இப்ப அதுவும் இல்ல. என் கைக்கு வரலன்னா நானும் வந்து கொழுந்துதான் கிள்ளணும்.” நான் சொன்னது காகிதத்தை நினைத்து. அம்மா காதில் விழுந்தது சத்து.

ஞாயிறு காலை பையைக் கட்டினேன். தூள் கொட்டாமல் இருக்க மூடிக்கு மேல் பிளாஸ்டிக் சுற்றலாம் என்று டின்னைத் திறந்தால் மிளகாய் நெடிக்கு அடியில் வேறு ஒரு வாசம். அந்த வாசம் எனக்குப் பாடம். கையை விட்டேன். பேப்பரில் சுற்றிய மூன்று தடித்த சுருட்டுகள்.

“என்னாம்மா இது?”

“ஒன் எலிக்கி,” என்றாள். குரலில் அவ்வளவு பெருமை. “முனியாண்டி பங்கு. படையல்ல இருந்ததுல மூணுதான் எடுத்தேன். பூசாரிகிட்ட கேட்டுட்டுத்தான்.”

எங்கள் மலை ஓரத்து முனியாண்டிக்குக் கோழி, சாராயம், சுருட்டு என்று படைப்பார்கள். சில சுருட்டில் புகையிலை மட்டும் இருக்காது. எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள்.

“அறிவிருக்காம்மா? தாப்பா எறக்கத்துல போலீசு பஸ்ஸ நிறுத்தி பைய தொறந்தான்னா நா ஜெயிலுக்குப் போவேன், தெரியுமா? கூட கொஞ்சம் இருந்தா தூக்குக் கயிறு!”

“நீதானடி இல்ல இல்லன்னு கத்துன?” அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. “சாமி சாமான் என்னா பண்ணும்? அது பெரிய கிராணியோட நேத்திக்கடன். வருசா வருசம் அவருதான் உருட்டிக் கொண்டாந்து வக்கிறாரு. மவன் பாஸாவணும்னு.”

நான் கத்துவதை நிறுத்தினேன். டின்னை மூடி எடுத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் அம்மா கூப்பிட்டாள். திரும்பவில்லை.

கிராணி தன் வீட்டு வாசலில் பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டின்னை அவர் மடியிலேயே வைத்தேன்.

“மொளகாத்தூளு. மோந்து பாருங்க.”

திறந்தார். மூடினார். வீட்டுக்குள் மனைவி இருக்கிறாளா என்று பார்த்தார். அதற்குள் டின்னை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

“தானா ராத்தா போலீஸ் டேசன்ல குடுக்கப் போறேன். யாரு உருட்னதுன்னு பூசாரிய கேப்பாங்க. அவரு ஒரு அடி தாங்க மாட்டாரு.”

“ஏய், இது சாமி விசயம்லா.”

“என்னுது எலி விசயம். அதுக்குத்தான நூறு பேருக்கு முன்னால சிரிச்சீங்க?”

பனியன் மேல் சட்டையை மாட்டிக்கொண்டு ஆப்பீசுக்கு வந்தார். இரண்டு விரலால் அடித்தார். நேர்மையானவர், எந்தத் தீய பழக்கமும் இல்லாதவர் என்று அடித்துவிட்டு நிமிர்ந்தார். “அடக்கமானவர்னும் போடுங்க,” என்றேன். போட்டார். துரை கோல்ப் விளையாடக் கிளம்பியவர், ஜீப்பின் மேல் வைத்துப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

காகிதம் கைக்கு வந்த பிறகுதான் டின்னை விட்டேன். நான் பின்னாலேயே போக, கிராணி அதை அப்படியே கொண்டுபோய், வீட்டுக்குப் பின்னால் வெந்நீர் போட எரிந்துகொண்டிருந்த அடுப்பில் கவிழ்த்தார். மிளகாய்! இரண்டு பேருக்கும் மூச்சு நின்றது. அவர் மனைவி இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்து என்னைக் கண்டபடி திட்டினாள். நான் கண்ணில் நீர் வழியச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து காகிதத்தைக் காட்டினேன். அம்மா அதைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். “டின்னு எங்க?”

சொன்னேன். கிராணி சட்டை மாட்டியது வரை நடித்தே காட்டினேன்.

“ஒனக்காகச் சாமிகிட்ட கேட்டு வாங்குனேன்,” என்றாள். “நீ அத வச்சு ஒருத்தன மெரட்டிட்டு வந்து சிரிக்கிற.”

பஸ் ஏற்ற அவள் வரவில்லை. தாப்பா இறக்கத்தில் போலீஸ்காரன் பையைத் திறக்கவே இல்லை, கையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டான். திங்கட்கிழமை அலமாரி திறந்தது. சொட்டு விட்டேன், செல் அடங்கியது, குறிப்பு எழுதினேன். எல்லாம் சரியாக நடந்தது.

அடுத்த லீவில் வந்தபோது பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னாள். நான் பஸ் ஏறிய மறுநாள் பெரட்டிலிருந்தே அம்மாவுக்குக் கடைசி மலையாம். லெம்பா பெர்த்தாம் பக்கம் செங்குத்தாக இறங்கும் மலை. கூடையோடு ஏறி வரவே பாதி நாள் போய்விடும். கிராணி காரணம் சொல்லவில்லை, அம்மா கேட்கவும் இல்லை. என்னிடமும் சொல்லவில்லை.

இப்போதே போய் அந்த ஆளைக் கேட்கிறேன் என்று எழுந்தேன்.

“ஒக்காருடி,” என்றாள் அம்மா. முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். “நீ கேட்டது போதும்.”

கிளம்பும்போது, கோலாலம்பூரில் வாங்கிய புதுக் காலி டின்னைப் பையிலிருந்து எடுத்து உரலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் அதைத் திரும்ப என் பையிலேயே போட்டாள்.

“தானா ராத்தா பாய் கடையில தூளு விக்கிது. வாங்கிக்க.”