ஓரகத்தியின் புல்லும் என் சோப்புத் தண்ணீரும்

என் ஓரகத்திக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆஸ்பத்திரியில் பழைய கோப்புகள் வைக்கும் அறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். முழங்கால் மக்கர் பண்ணவே முன்கூட்டியே ஓய்வு வாங்கினாள். அன்றிலிருந்து வீட்டு முன்னால் இருக்கும் புல்தான் அவளுக்கு எல்லாம். அவள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும், அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து வாங்கிய வீடு என்று பேர். கீழே அவர்கள், மேலே நாங்கள். பத்திரத்தில் அண்ணன் பேர் மட்டும்தான் இருக்கிறது என்பதை வாரம் ஒருமுறையாவது என் காதில் போட்டுவிடுவாள்.

பழைய தலையணையை முழங்காலுக்கடியில் போட்டுக்கொண்டு, தையல் கத்தரியால் புல்லின் ஓரத்தை வெட்டுவாள். ஸ்கேலை நட்டு உயரம் பார்ப்பாள். பக்கத்து வீட்டுப் பந்து உள்ளே விழுந்தால் அது திரும்பிப் போகாது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே முன்பு கிடந்தது செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும். அத்தனையையும் பொறுக்கிப் போட்டுவிட்டு ஒவ்வொரு கொத்தாகப் புல் நட்டவள் அவள்தான். அதற்காக அவளைப் பிடிக்க வேண்டும் என்று ஒன்றும் கட்டாயமில்லை. எனக்குப் பிடிக்காது.

போன மாதம் புல்லில் திட்டுத் திட்டாக மஞ்சள் விழுந்தது. முதல் திட்டு எங்கள் பால்கனிக்கு நேர் கீழே. போதாதா? வலிக்கும் காலோடு இருபது படி ஏறி வந்தாள்.

"மேலேருந்து சோப்புத் தண்ணிய ஊத்துறியா?"

"இல்லக்கா. மெஷின் தண்ணி குழாய்லதான் போகுது. நீங்களே வந்து பாருங்க."

"நான் ஏன் பாக்கணும்? புல்லப் பாத்தாலே தெரியுதே."

காலையும் மாலையும் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். மஞ்சள் பரவிக்கொண்டே போனது. குருவிக் கூட்டம் வந்து கொத்த, "என் புல்லைத் தேடி வருது பாரு" என்று அதற்கும் பெருமை அடித்துக்கொண்டாள். மூன்றாம் வாரம் தீர்ப்பு வந்தது. மாசக் கடைசிக்குள் நாங்கள் வேறு வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தொன்பது வருஷம் குடியிருந்த வீடு. செய்யாத தப்புக்கு நான் ஏன் மூட்டை கட்ட வேண்டும்?

கொஞ்சம் மஞ்சள் புல்லை டப்பாவில் போட்டு உரக்கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்கார அம்மா அதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள்.

"சோப்பு பட்டா கருகும். இது ஓரமெல்லாம் கடிச்சிருக்கு. குருவி வருதா?"

"கூட்டமா வருது."

"சாயங்காலம் புல்லுல கால் வச்சா சின்னச் சின்னதா அந்துப்பூச்சி எழும்புதா?"

"எழும்புது."

"அப்போ புழுதான். ஒரு வாளித் தண்ணில ரெண்டு ஸ்பூன் பாத்திரம் கழுவுற சோப்பக் கலந்து, மஞ்சளும் பச்சையும் சேர்ற இடத்துல ஒரு சதுர அடிக்கு ஊத்துங்க. பத்து நிமிஷத்துல எல்லாம் மேல வந்துரும்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊற்றவில்லை என்று நிரூபிக்க ஊற்றியே ஆக வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நுரை ததும்பும் வாளியோடு இறங்கினேன். ஓரகத்தி தலையணை மேல் உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தீங்களா, கண்ணு முன்னாடியே ஊத்த வர்றா" என்றாள் தன் கணவரிடம்.

"ஆமா, ஊத்தத்தான் வர்றேன்" என்று ஊற்றினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கேட்டருகே ஸ்கூட்டர் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார்.

நாலு நிமிஷம் ஒன்றுமில்லை. ஆறாவது நிமிஷம் பழுப்பும் பச்சையுமாக ஒரு புழு நெளிந்து மேலே வந்தது. அப்புறம் இரண்டு, ஐந்து. பத்து நிமிஷத்தில் பதினாலு என்று அவள் கணவரே எண்ணிச் சொன்னார். ஓரகத்தி புல்லை விலக்கினாள். அடியில் நூலாம்படை போல மெல்லிய கூடுகள், பச்சையாகப் புழு எச்சம்.

"புல்ல வெட்டி, தண்ணி விட்டுட்டு, பொழுது சாயும்போது மருந்து அடிக்கணும். ராத்திரிதான் தின்னுமாம். மறுநாள் தண்ணி விடக் கூடாது, மருந்து கழுவிட்டுப் போயிடும்" என்று கடைக்காரம்மா சொன்னதை ஒப்பித்தேன். உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. "இப்ப சொல்லுங்கக்கா, நானா ஊத்தினேன்?"

அவள் முகம் செத்துப்போயிருந்தது.

"அப்போ தம்பி ஏன் ஒத்துக்கிட்டாரு?"

"என்ன ஒத்துக்கிட்டாரு?"

"நீதான் ஊத்துறேன்னு. 'எத்தனை தடவ சொன்னாலும் அவ கேக்க மாட்டேங்கறா, அண்ணி'ன்னு, இதே இடத்துல நின்னு சொன்னாரு. அதுக்கப்புறம்தானே காலி பண்ணச் சொன்னேன்."

சாவிச் சத்தம் நின்றது.

"சண்ட முடியட்டும்னுதான்..." என்றார் என் வீட்டுக்காரர்.

ஓரகத்தி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க காலி பண்ண வேண்டாம்" என்றாள்.

"நான் பண்ணலக்கா" என்றேன். "இவர் பண்ணட்டும்."