ஊதிப் பார்த்த கண்ணாடிகள்

மொன்ட்ரியாலில் நான் துப்புரவு வேலை செய்த வீட்டு அம்மா பரம்பரைப் பணக்காரி. ஓவியர்களுக்கும் பாடகர்களுக்கும் அள்ளிக் கொடுப்பார். விக்டோரியா ராணி காலத்து முறையில், கண்ணாடியில் மருந்து பூசித் தானே படம் எடுப்பார். அந்த மருந்தால் அவர் விரல்கள் எப்போதும் கறுத்திருக்கும்.

பழுதான படங்களைக் கழுவி, கண்ணாடியைத் திரும்பப் பாவிக்கக் கொடுப்பது என் வேலை. கழுவியதை அவர் வாயால் ஊதிப் பார்ப்பார். ஆவியில் பழைய முகத்தின் சாயல் தெரிந்தால், "ஆள் இன்னும் போகவில்லை, தேய்" என்று திருப்பித் தருவார்.

ஒருநாள் என்னைக் கூட்டிப்போக வந்த என் அண்ணையைப் படத்துக்கு இருத்தினார். ஊரில் யுத்தகாலத்தில் படத்தை வைத்து ஆட்களைத் தேடிப் பிடித்த பயத்தில் எந்தப் படத்துக்கும் நிற்காத மனிதர் அவர். பத்து விநாடி அசையக்கூடாது. "என்னால ஏலாது தங்கச்சி" என்று அண்ணை சிரித்துவிட்டார். படம் கலங்கிவிட்டது. மறுநாள் நான்தான் கழுவினேன்.

மாசியில் அண்ணை மாரடைப்பால் இறந்துபோனார். மரண அறிவித்தலுக்குப் படம் கேட்டார்கள். அடையாள அட்டையில் இருந்த பயந்த முகத்தைத் தவிர வேறு படம் இல்லை. அந்த அம்மாவிடம் ஓடினேன். "கலங்கின சிரிப்பென்றாலும் போதும்" என்றேன்.

அவர் கழுவி அடுக்கியிருந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஊதினார். நானும் ஊதினேன். பின்னேரமானது. அவருக்கு மூச்சு வாங்கியது. கடைசிக் கண்ணாடியிலும் ஆவி வெறுமனே படர்ந்து மறைந்தது.

"நீ நன்றாகத்தான் கழுவியிருக்கிறாய்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அத்தனை வருடத்தில் அவர் என் வேலையில் குறை காணாத நாள் அது ஒன்றுதான்.